மனமே பார்த்து வந்தேன்

சிங்கள எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கப் பழகிய புதிதில், சிலாபம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை எழுத்தெழுத்தாக வாசித்தேன். ம, ன, மே. பத்து வயதுச் சிறுவனுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. "இங்க பாருங்க வாப்பா, தமிழ்ச் சொல்லைச் சிங்களத்தில எழுதியிருக்காங்க" என்று வாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தலையிலிருந்த கருவாட்டுச் சாக்கை இறக்காமலே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அது அவங்கட நாடகம் மகன், வா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவங்கட என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அதன் பின்னர் இருபத்தைந்து ஆண்டுகள் அந்த நாடகத்தைப் பற்றி நான் நினைத்ததில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றேன், ஆசிரியனானேன், நாடக இலக்கியம் என்ற தலைப்பில் மாணவருக்குக் குறிப்புகளும் கொடுத்தேன். சென்ற விடுமுறையிலேதான் கொழும்புக்குப் போய் மனமேயைப் பார்த்து வந்தேன். பார்த்ததைச் சொல்லுமுன், அதற்கு முந்திய ஆண்டில் நான் செய்த காரியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிடில், பட்டணம் போய்வந்தவன் ஊராரிடம் அளக்கும் கதையாக இது முடிந்துவிடும்.

கனமூலை, புத்தளம் மாவட்டத்துக் கரையோரச் சிற்றூர். மதுரங்குளிச் சந்தியில் இறங்கி வரவேண்டும். தென்னையும் களப்பும் இறாற் பண்ணைக் கூலியும் நம்பி வாழும் மக்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளம் மாவட்டமெங்கும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அந்தக் கொட்டில்கள் கல் வீடுகளாகிவிட்டன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. ஆயினும் எங்கள் வாயில் அவர்கள் இன்னும் "அகதிப் பிள்ளைகள்" தாம். வகுப்பறையில் இச்சொல்லை நான் தடை செய்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் தடை செய்ய என்னால் முடியவில்லை.

அத்தகைய குடும்பத்துப் பையன் ஒருவன் பத்தாம் வகுப்பில் படித்தான். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. சேர மன்னன் ஒருவனைப் பற்றி அடுக்குமொழியில் நானே ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தேன். வண்ண விளக்குகளுக்கும் ஏற்பாடு நடந்தது. ஒத்திகையின் இரண்டாம் நாள் அந்தப் பையன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"சேர், எங்கட மூத்தாப்பாக்குக் கூத்துப் பாட்டெல்லாம் தெரியும். பேசாலையில பார்த்ததாம். நாங்க ஒரு கூத்துப் போடுவமா?"

நான் சிரித்தேன். "கூத்தாடுறதுக்கா பள்ளிக்கூடம்?" என்றேன்.

மாணவரும் சிரித்தார்கள். அவன் தன் இடத்துக்குப் போய்ப் படைவீரர்களின் வரிசையில் நின்றுகொண்டான். பின்னர் என் மனச்சாட்சிக்கு நான் கூறிக்கொண்ட சமாதானங்கள் பல. அது கத்தோலிக்கரின் கூத்து. எங்கள் ஊரிற் பெற்றோர் ஆட்சேபிப்பார்கள். நிருவாகத்தார் முகஞ் சுளிப்பார்கள். உண்மை அதுவன்று. ஒரு பெற்றோரையும் நான் கேட்கவில்லை. கூத்து என்ற சொல் என் வாயில் இழிசொல்லாகவே இருந்தது. ஒழுங்கு கெட்ட எதனையும் "என்ன கூத்து இது" என்கிறோம். ஒருவரை இகழ வேண்டுமானால் கூத்தாடி என்கிறோம். பாமரனின் கலையை ஏசுவதற்குத் தமிழ் கற்றவன் புதுச் சொல் தேட வேண்டியதில்லை; அகராதியே அவனுக்கு உதவி செய்கிறது.

இனிக் கொழும்புக்கு வருகிறேன்.

எங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிப்பவர் சிலாபத்துக் கத்தோலிக்கர். என் வயதினர். நாங்கள் ஒருவரையொருவர் "சேர்" என்றே அழைத்துக்கொள்வோம். ஆங்கிலேயன் விட்டுச் சென்றவற்றுள் சிங்களவருக்கும் தமிழருக்கும் சண்டையின்றிப் பொதுவாகிவிட்ட சொல் அது ஒன்றேயாகலாம். விடுமுறையில் மருதானையிலுள்ள மச்சான் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகப் போகிறேன் என்று சொன்னபோது அவர், "அந்தக் கிழமை மனமே போடுறாங்க சேர். வாங்க, ரெண்டு டிக்கட் எடுக்கிறன்" என்றார். என் சிங்களம் கந்தோர்களிற் காரியம் முடிக்கும் சிங்களம், கவிதைக்குக் காணாது. "விளங்காத இடத்தில நான் சொல்லுவன்" என்றார்.

லயனல் வெண்ட் அரங்கு கறுவாத்தோட்டத்தில் இருக்கிறது. 1953 இல் திறக்கப்பட்டது. மனமே முதன்முதலாக மேடையேறியதும் அங்கேதான். 1956 நவம்பர் 3 ஆந் திகதி. நுழைவுச்சீட்டின் விலை என் ஒரு நாட் சம்பளத்துக்குக் கிட்டியது. எங்கள் ஊரில் இறாற் பண்ணைக்குப் போகும் ஒருவன் தன் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் இதைப் பார்ப்பதானால் அந்தக் கிழமை உலை வைக்க முடியாது. வாசலில் மோட்டார் வண்டிகள் நிறைந்திருந்தன. பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து வந்த முதியவர்கள் பலர். பல்கலைக்கழக மாணவர் ஒரு கூட்டம். என் தாடியைக் கண்டு இருவர் திரும்பிப் பார்த்தனர். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர், கொழும்பில் ஒரு கூட்டத்துக்குள் நுழையும் முஸ்லிமுக்கு இந்தத் தோற்றம் பழகிப் போன ஒன்று. நண்பர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் என் தோளில் கை போட்டபடி உள்ளே அழைத்துச் சென்றார்.

திரை விலகியது. மேடையில் அரண்மனையும் இல்லை, காடும் இல்லை. பின்னணியில் எழுதிய திரைச் சீலையும் இல்லை. ஒரு புறத்தில் பாடகரும் வாத்தியக்காரரும் அமர்ந்திருந்தனர். பொத்தே குரா என்று சிங்களத்தில் வழங்கும் கதை கூறுபவர் வந்து சபையை வணங்கி, இன்ன நாட்டு அரசகுமாரனின் கதையை இன்று ஆடப்போகிறோம் என்று பாட்டாகச் சொன்னார். அவர் பாடி நிறுத்திய இடத்திலிருந்து பக்கப்பாட்டுக்காரர் எடுத்துப் பாடினர். மத்தளம் ஒரு தீர்மானத்தோடு ஓய்ந்தது. அடுத்த பாத்திரம் தன் வரவைத் தானே பாடிக்கொண்டு, அளந்து வைத்த அடிகளோடு மேடையைச் சுற்றி வந்தது.

நான் இசை கற்றவன் அல்லன். ஆயினும் அந்த நடையை நான் அறிவேன் என்று என் உடம்பு சொல்லிற்று. எங்கே அறிந்தேன்? உடப்பில் திரௌபதை அம்மன் திருவிழாவைப் பார்க்கச் சிறுவயதில் களவாகப் போயிருக்கிறேன். அங்கே மணலில் நின்று கேட்ட மத்தளமா? கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டில், முன்னவன் விட்ட அடியைப் பின்னவர்கள் ஒன்றாக எடுக்கும் அந்த எடுப்பா? பதில் கிடைக்கவில்லை. நண்பர் என் காதருகே குனிந்தார்.

"அந்த மத்தளத்துக்கு எங்கட ஆக்கள் என்ன பேர் சொல்லுறவங்க தெரியுமா சேர்? தெமள பெரய."

தமிழ்ப் பறை என்று பொருள்.

அதன் பிறகு சில நிமிடங்கள் மேடையில் நடந்தது எனக்குப் புலப்படவில்லை. சிங்கள நாடக உலகின் தலைசிறந்த படைப்பென்று கொண்டாடப்படும் ஒன்று, என் மொழியின் பெயரைத் தாங்கிய மத்தளத்தின் தாளத்துக்கு நடந்துகொண்டிருக்கிறது. அரங்கில் இருந்த பல நூறு பேரில் அதைக் கேட்டு அதிசயித்தவன் நான் ஒருவன் மட்டுமே போலும். அவர்களுக்கு அது தெரிந்த செய்தி. தமிழ்ப் பட்டதாரியான எனக்குத்தான் புதிது.

இந்த வரலாறு இரகசியமானதன்று. சிங்களத்தில் நாடகம என்று ஓர் ஆட்ட வகை உண்டு. பெயரே பிறப்பைச் சொல்கிறது. பாட்டு வகைகளின் பெயர்களில் இன்னிசையும் சிந்தும் இருக்கின்றன. கோமாளிக்குக் கோணங்கி என்று பெயர். தமிழ்க் கூத்து கத்தோலிக்க சமயத்தோடு சேர்ந்து மேற்குக் கரையோரமாகத் தெற்கே சென்றது என்பது ஆராய்ந்தோர் முடிபு. மூவிராசாக்கள் கதை மன்னார்த் தமிழிலும் இருக்கிறது, சிங்கள நாடகமவிலும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலிப்பு சிஞ்ஞோ என்பவர் சிங்களத்தில் இவ்வகை நாடகங்களை இயற்றிப் பெயர் பெற்றார். பின்னர் பம்பாயிலிருந்து பார்சிக் கம்பனிகள் வந்தன. அவர்களின் வண்ணச் சீலைகளையும் வட இந்திய மெட்டுக்களையும் பின்பற்றி நூர்த்தி என்ற வகை தோன்றிற்று. 1911 இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. நாகரிகம் வந்த இடத்தில் நாடகமவுக்கு இடமில்லாமற் போயிற்று. அது கிராமத்துக்குத் திரும்பி, முதுமையடைந்து, ஒரு சில குருமாரின் நினைவில் மட்டும் உயிர் வைத்திருந்தது.

எதிரிவீர சரச்சந்திர (1914 - 1996) பேராதனைப் பேராசிரியர். பாளியும் மெய்யியலும் ஐரோப்பிய நாடகமும் அறிந்தவர். 1950 களின் தொடக்கத்தில் சிங்கள நாட்டார் நாடகங்களை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூலெழுதினார். அதில் நாடகமவின் தமிழ் மூலத்தை அவர் மறைக்கவில்லை. 1955 இல் ஜப்பானுக்குச் சென்றார். அங்கே நோ, கபுகி ஆகிய பழைய ஆட்டங்கள் நவீன நகரங்களின் நடுவே மதிப்போடு வாழ்வதைக் கண்டார். திரும்பி வந்து அவர் தேடிச் சென்றது ஒரு கிராமத்துக் கலைஞரை: தென்கரையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. அவரிடமிருந்தே பாட்டும் தாளமும் அடவும் பல்கலைக்கழக மாணவருக்கு வந்தன. நம் கூத்தின் அண்ணாவியாருக்கு எவ்விடமோ, நாடகமவில் குருன்னான்சேக்கு அவ்விடம். பேராசிரியர் ஒருவர் அண்ணாவியாரின் முன் மாணவனாகக் குந்தியிருந்த அந்தக் காட்சியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். மேடையில் நடந்த எதையும்விட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1956. சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்று 33 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. எதிர்த்து அமைதியாக அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் காலிமுகத் திடலில் தாக்கப்பட்ட ஆண்டு. தமிழுக்கு அரசியலமைப்பில் அரச கரும மொழி என்ற பெயர் கிடைக்க 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் எத்தனை உயிர்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. சட்டம் தமிழை வாசலுக்கு வெளியே நிறுத்திய அதே ஆண்டின் நவம்பரில், தமிழ்க் கரையிலிருந்து நடந்து போன ஓர் ஆட்டம், தமிழ்ப் பறையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலைநகரின் அழகிய அரங்கின் நடுவாசலால் நுழைந்து சிங்கள நாடகமாக முடிசூடிக்கொண்டது. வேறொரு தற்செயலும் உண்டு. அதே 1956 மார்ச்சில் நியூயோர்க்கில் "மை ஃபெயர் லேடி" என்ற இசை நாடகம் தொடங்கியது. பெர்னாட் ஷாவின் "பிக்மாலியன்" அதன் மூலம். பூ விற்கும் ஏழைப் பெண் ஒருத்தி, தன் நாவைத் திருத்தி மேல்வகுப்பாரின் ஆங்கிலத்தைப் பேசினாலொழிய மனுஷியாக மதிக்கப்படமாட்டாள் என்பது அதன் கதை.

நாவைத் திருத்திக்கொண்டவர்கள் நியூயோர்க் மேடையில் மட்டுமா இருக்கிறார்கள்? இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு வெளியே நின்றபோது நண்பர் சொன்னார்: "என்ட ஆச்சி செபமாலை சொன்னது தமிழில சேர். தாத்தா கடலுக்குப் போறபோது கூப்பிட்டதும் தமிழில. எங்கட அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில சிங்களமாகிட்டுது. ஆச்சி சாகக்கிடக்கையில பேசினது பேரப்பிள்ளைகள் ஒருத்தருக்கும் சரியா விளங்கேல்ல." சிலாபம் தொடங்கி நீர்கொழும்பு வரையுள்ள அந்தக் கரையில், கற்பித்தல் மொழி மாறியதோடு ஊரூராக மக்களின் தாய்மொழியும் மாறியது நேற்றைய வரலாறு. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் ஒரு சிங்களவர், அதிற் பெருமையுடையவர். ஆச்சியின் கடைசிச் சொற்கள் விளங்கவில்லையே என்பது மட்டுமே அவருக்குத் துயரம். தமிழைப் பின்னாளில் அவர் முயன்று கற்றதற்குக் காரணம் உத்தியோகம் என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன்.

இரண்டாம் பாகத்தை நான் வேறு காதுகளோடு கேட்டேன்.

கதையை அறியாத வாசகருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்சசீலத்து ஆசானிடம் வில்வித்தை கற்று, அவர் மகளையே மணந்து நாடு திரும்பும் மனமே என்ற அரசகுமாரன் காட்டில் வேடர் தலைவனை எதிர்ப்படுகிறான். தலைவன் இளவரசியை விரும்புகிறான். இருவரும் பொருதுகிறார்கள். வேடனை மடக்கிப் பிடித்த குமாரன் மனைவியிடம் வாளைக் கேட்கிறான். புத்த சாதகக் கதையில், அவள் வாளின் பிடியை வேடன் பக்கம் நீட்டிக் கணவனைக் கொல்விக்கிறாள். பெண்ணின் வஞ்சகம் என்பது அக்கதை கற்பிக்கும் பாடம். சரச்சந்திர அந்தப் பாடத்தைப் படிக்க மறுத்துவிட்டார். அவருடைய இளவரசி தயங்குகிறாள். நேர்மையாகப் போரிட்டவன், உயிரோடு விடுங்கள் என்று வேண்டுகிறாள். அந்தத் தயக்கத்தின் இடைவெளியில் வாள் கைமாறிப் போகிறது; குமாரன் மடிகிறான். பிறகு வேடனும் அவளை ஏற்கவில்லை. கணவனுக்கு உண்மையாயிராதவள் எனக்கு எப்படி உண்மையாயிருப்பாள் என்று விலகிப் போகிறான். அவள் தனியே நின்று பாடுகிறாள், விழுந்து இறக்கிறாள்.

அவள் இரங்கினாளா, விரும்பினாளா, அஞ்சினாளா? நாடகம் சொல்வதில்லை. அரங்கு அப்படியே உறைந்திருந்தது. எனக்கு முன் வரிசையில் இருந்த முதியவர் பொத்தே குராவோடு சேர்ந்து உதடசைத்துக்கொண்டிருந்தார்; முழு நாடகமும் அவருக்கு மனப்பாடம். வெளியே வந்ததும் நண்பர், "ஏறக்குறைய எழுபது வருஷமா அந்தப் பெட்டையைக் கூண்டில நிறுத்தி விசாரிக்கிறோம் சேர், இன்னும் தீர்ப்புச் சொல்லேல்ல" என்றார். சரிதான். ஆனால் கொன்ற கையை எவரும் விசாரிக்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். ஒரு கணம் தயங்கியவளுக்கு மரணம். வாளை ஓச்சியவன் தன் காட்டுக்குத் திரும்புகிறான்.

நள்ளிரவு தாண்டியும் உறக்கம் வரவில்லை. எங்கள் கூத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். சில மேடைகளில் அப்படிப் பேசக் கேட்டுமிருக்கிறேன். அது பொய். கரையோரத்து ஏழைகள் கரையோரத்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதில் தங்கள் வாழ்வைப் பாடினார்கள். களவு எங்கே நடந்தது? நடந்தது வேறொன்று. நாம் எறிந்தோம். நாவலர் வழியும் தமிழாசிரியர் வழியும் ஆலயத்துப் பெரியவர் வழியும் கூத்தை ஒதுக்கினோம். பல்கலைக்கழகத்திற் சிலப்பதிகார அரங்கேற்று காதையை நான் படித்தேன். ஆடரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் பெற்றேன். அந்த நான்கு ஆண்டுகளில் உயிருள்ள கூத்து ஒன்றையேனும் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் விரிவுரைகளில் ஆடரங்கு இருந்தது, ஆடுபவன் இல்லை.

எறியாதவரும் இருந்தார். பேராதனையில் சரச்சந்திரவின் காலத்தில் தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தன் மனமேயைக் கண்டு சும்மா இருக்கவில்லை. மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதை நவீன மேடைக்கேற்பச் சுருக்கி, மாணவரைக் கொண்டு "கர்ணன் போர்" (1962), "நொண்டி நாடகம்" (1963), "இராவணேசன்" (1964), "வாலி வதை" (1967) என்று மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் தாமே பேராசிரியராகி அந்தப் பணியைத் தொடர்ந்தார். மன்னார்க் கத்தோலிக்கரின் "என்றீக் எம்பரதோர்" நாடகத்தை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் வித்தியானந்தனே. சுருக்கியதால் கூத்தின் உயிர் போயிற்று என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மையும் இல்லாமலில்லை. களரியிற் கூத்தாடுபவனும் பார்ப்பவனும் ஒரே ஊரவர். நகரத்து அரங்கிலோ நுழைவுச்சீட்டு வாங்கியவன் பார்க்கிறான். ஆட்டத்தைத் தந்த அண்ணாவியின் பிள்ளை வாயிலில் நின்று மோட்டார் வண்டிக்கு இடம் காட்டுகிறான். இந்தக் கேள்வியை மனமேயிடமும் கேட்க வேண்டும், இராவணேசனிடமும் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு இருவரையும் வணங்கலாம்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனேன். ஆசிரியர் வீட்டுக்கு வந்தால் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்று பொருள். அவன் உம்மா கலங்கிப் போய்க் கதிரையைத் துடைத்தார். மூத்தாப்பா வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர். எருக்கலம்பிட்டியில் பிறந்து வளர்ந்தவர். 1990 இல் அவர் கொண்டுவந்தது மாற்றுச் சாரமொன்றும் ஒரு சிறு தொகைப் பணமும்.

"கொழும்பில நாடகம் பார்த்தன்" என்று தொடங்கினேன். ஏன் வந்தேன் என்று நேரே சொல்ல நாக்கு எழவில்லை. அவர் கேட்ட முதற் கேள்வி என்னைத் தடுமாறச் செய்தது.

"மத்தளக்காரன் எந்தக் கைப் பக்கம் இருந்தான் தம்பி?"

சொன்னேன். தலையசைத்தார். வரவுப் பாட்டுக்கு எத்தனை சுற்று வந்தார்கள் என்றார். ராசாவும் சேவகனும் ஒரே நடையா வந்தார்கள், வேறு வேறு நடையா என்றார். நான் இரண்டு மணி நேரம் கண்கொட்டாமற் பார்த்துக் கவனிக்கத் தவறியவற்றை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாமாகவே சொன்னார். பேசாலையில் திருநாளுக்குக் கூத்துப் போட்டால் நான்கு ஐந்து பேராகச் சேர்ந்து நடந்து போவார்களாம். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம், மணலில் பாய். அண்ணாவியாரோடு சேர்ந்து மீன் விற்றவர் ஆதலால் முன்னால் இடம் கிடைக்கும். "வேதக்காரன்ட கதைதான். ஆனா தம்பி, ராசகுமாரத்தி அழுதா எங்கட ஆக்களும் அழுவாங்க."

"அங்கயிருந்து துரத்தினவங்க மேல உங்களுக்குக் கோபமில்லையா மூத்தாப்பா?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. வலை ஊசி சிறிது நேரம் நின்றது. "துரத்தினவன் வேற. பாடினவன் வேற. அந்த அண்ணாவி எங்களை ஏத்தின வள்ளத்தடிக்கு வந்து நின்டு அழுத மனுசன்" என்றார். மறுபடியும் ஊசி ஓடியது.

அப்போதுதான் பையனைக் கூப்பிட்டு, அவன் உம்மாவின் முன்னிலையில், சென்ற ஆண்டு நான் சிரித்தது பிழை என்று சொன்னேன். அவன் நிலத்தைப் பார்த்தான். உம்மா எதுவும் விளங்காமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். கிழவர் மட்டும் சிரித்தார். வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மிக மெதுவாக ஓர் இராகத்தை எடுத்தார். பையன் வெறும் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டான். யாரிடம் கற்றான் என்று நான் கேட்கவில்லை. கிழவர் ஓர் அடியை விட, அவன் பிற்பாட்டாக எடுத்தான். அந்த எடுப்பில், லயனல் வெண்ட் அரங்கில் என் உடம்பு அறிந்ததை இப்போது என் காதும் அறிந்தது.

நான்காம் அடியில் நின்றுவிட்டார். இரண்டு முறை தொடங்கிப் பார்த்தார். அதே இடத்தில் அறுந்தது.

"இதுக்கு மேல வரமாட்டேங்குது. பேசாலையில கேட்கோணும். அண்ணாவி மௌத்தாகிட்டார், மகன்மார் இருப்பாங்க."

"எப்ப போறது சேர்?" என்றான் பையன், வாளியிலிருந்து கையெடுக்காமல்.

அநுராதபுரமும் மதவாச்சியும் சுற்றித்தான் மன்னாருக்குப் பேருந்து. விடியற்காலையில் புத்தளத்தில் ஏறினால் நண்பகலுக்குள் போய்ச் சேரலாமா என்று கிழவர் கணக்குப் பார்த்தார். பாடசாலை திறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. சிலாபத்து நண்பருக்கு அங்கிருந்தே தொலைபேசியிற் பேசினேன். தாமும் வருவதாகச் சொன்னார்.